சுவரேறும் உண்ணி

மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரு காட்சி தென்படும். கூடத்துச் சுவரில், சுவிட்சுப் பலகைக்குச் சற்று மேலே, கொட்டைமுத்து மாதிரி சாம்பல் நிற உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் நகரும். கூரையும் சுவரும் சேரும் மூலையை நோக்கி அது மெல்ல மேலேறிக்கொண்டிருக்கும். வீட்டில் ஒருவர் அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, செருப்பால் தேய்த்துவிட்டு, "நாயைக் குளிப்பாட்டணும்" என்பார். குளிப்பாட்டவும் செய்வார்கள். பதினைந்து நாள் கழித்து அதே சுவரில் இன்னொன்று ஏறும்.

கொட்டைமுத்து என்ற ஒப்புமை பழையது. லத்தீன் மொழியில் உண்ணிக்கு 'ரிசினஸ்' என்று பெயர். ஆமணக்கு விதை உப்பிய உண்ணியைப் போல இருந்ததால் அந்தச் செடிக்கும் அதே பெயர் விழுந்தது. இன்றும் ஆமணக்கின் அறிவியல் பெயர் ரிசினஸ் கம்யூனிஸ். தமிழ் அதன் தொழிலைப் பார்த்துப் பெயர் வைத்தது. உண்பதால் உண்ணி.

ஆனால் நாய் உண்ணி தன் வாழ்நாளில் உண்பது மூன்றே முறை. தமிழக வீடுகளில் காணப்படும் பழுப்பு நாய் உண்ணிக்கு ரிப்பிசெஃபாலஸ் சாங்குவினியஸ் என்று பெயர். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு ஒருமுறை நாயின் மேல் ஏறிச் சில நாள் இரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். சுவரிடுக்கிலோ பாயின் அடியிலோ ஒளிந்து தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். மறுபடி ஏறும், குடிக்கும், உதிரும், ஒளியும். மூன்றாம் முறை முதிர்ந்த உண்ணியாக ஏறும். பெண் உண்ணி ஏறக்குறைய ஒரு வாரமோ அதற்கு மேலோ குடித்து, தன் எடையைப் போல நூறு மடங்கு கனத்து, கீழே விழும். அதற்குப் பிறகு அதற்கு ஒரே வேலைதான். உயரமான, இருட்டான, ஈரம் காயாத ஓர் இடுக்கைத் தேடிப் போய் முட்டையிட்டுவிட்டுச் சாகும். 4,000 வரை முட்டைகள்.

சுவரில் ஏறிக்கொண்டிருந்தது அந்தத் தாய். நாயைக் குளிப்பாட்டியவர் கழுவியது, அன்று அந்த வீட்டில் இருந்த உண்ணிகளில் மிகச் சிறிய பங்கை மட்டுமே. மீதியெல்லாம் கதவுச் சட்டத்துக்குப் பின்னால், மின்கம்பிக் குழாய்க்குள், நாய் படுக்கும் சாக்கின் மடிப்பில், மாடிப்படியின் விரிசலில் காத்திருக்கின்றன. முதிர்ந்த உண்ணி பட்டினியாகவே ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். நாயின் மூச்சில் வரும் கரியமில வாயுவும் உடல் சூடும் அருகில் வந்தால் போதும், முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

நாய், பூனைகளைத் தொல்லைப்படுத்தும் ஒட்டுண்ணிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் பொருந்தும். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். மீதி வேறெங்கோ வேறொரு உருவத்தில் நேரம் பார்த்துக் கிடக்கிறது. சுவரில், மண்ணில், கொசுவில், தாய் நாயின் தசையில். எங்கே கிடக்கிறது, எப்போது கிளம்பும் என்ற இரண்டும் தெரிந்தவருக்கு மருந்து பாதி வேலையைச் செய்யும். தெரியாதவர் எவ்வளவு விலை கொடுத்து மருந்து வாங்கினாலும் மறு மாதமே பழைய இடத்தில்தான் நிற்பார்.

உண்ணி குடிக்கும் இரத்தத்தைவிட, அது உள்ளே விட்டுச் செல்வதே பெரிய ஆபத்து. இதை உலகுக்குச் சொன்ன ஊர்களில் சென்னையும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் 'மெட்ராஸ் ஹண்ட்' என்ற பெயரில் வேட்டைக் குழு நடத்தினார்கள். அந்தக் குழுவின் வேட்டைநாய்களுடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த வால்டர் ஸ்காட் பாட்டன் என்ற ஆய்வாளர், சிவப்பணுக்களுக்குள் மிக நுண்ணிய வளையம் போன்ற உயிரிகளைக் கண்டார். அதே உயிரி நரிகளின் இரத்தத்திலும் இருந்தது. 1910இல் அவர் அதை விவரித்து எழுதினார். இன்று பபேசியா கிப்சோனி என்று அழைக்கப்படும் அந்த உயிரி ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பரவியிருக்கிறது. உலகெங்கும் கால்நடை மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஒரு நோயின் முதல் வரி மெட்ராஸ் நாய்களின் இரத்தத்தில் எழுதப்பட்டது என்பது இந்த ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாத செய்தி.

பபேசியா சிவப்பணுக்களை உடைக்கிறது. ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்துக்கு மாறும், நாய் எழுந்து நிற்கவே தள்ளாடும். இன்னொரு உண்ணி நோயான எர்லிக்கியா, வெள்ளணுக்களுக்குள் குடியேறும் பாக்டீரியா. 1935இல் அல்ஜீரியாவில் டொனாசியன், லெஸ்டோகார்ட் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் அதை முதலில் அடையாளம் கண்டார்கள். அடுத்த முப்பது ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1960களின் பிற்பகுதியில் வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவத்தின் மோப்ப நாய்கள் ஒவ்வொன்றாக மூக்கில் இரத்தம் ஒழுகிச் சாகத் தொடங்கின. நூற்றுக்கும் மேற்பட்டவை இறந்தன. பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள், அந்த இனத்தை இந்த நோய் கடுமையாகத் தாக்கும். குண்டுக்குத் தப்பிய நாய்களைக் கொன்றது, கூண்டுச் சுவரில் ஏறித் திரிந்த பழுப்பு உண்ணி.

வீட்டு நாய்க்கு இந்த நோய் வந்தால் முதலில் தெரிவது சோர்வுதான். சோற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டு நாள் போகும். காய்ச்சல், வெளுத்த ஈறு, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம் என்று அடுத்தடுத்து வரும்போது இரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்திருக்கும். முதல் வாரத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்து டாக்சிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்ளும். அந்த மருந்தை நான்கு வாரம் முழுவதும் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளே நாய் துள்ளி ஓடுவதைப் பார்த்து நிறுத்திவிடுபவர்கள் மிகப் பலர். நோய் உள்ளே பதுங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மச்சையைத் தாக்கும்போது காப்பாற்றுவது மிகக் கடினம்.

கடித்த உண்ணியை எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசுவது எல்லாம் பரவலாக நடப்பவை. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கினால் நுரையீரல் வரை பாதிப்பு போகும். கற்பூரம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. தோல் வழியாகவும் உள்ளே இறங்கி வலிப்பை வரவழைக்கக்கூடியது. அன்போடு செய்யப்படும் இந்த வைத்தியம் ஒரு குட்டியைக் கொல்லலாம் என்பதை இங்கே வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். முள்வாங்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தால் வந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுவிடலாம். விரல் நகத்தில் வைத்து நசுக்கக் கூடாது. கீழே போடவும் கூடாது, நாய் அதை விழுங்கிவிடும். ஹெபட்டோசூன் என்ற இன்னொரு உண்ணி நோய், கடிப்பதால் வருவதில்லை. நாய் உண்ணியை விழுங்குவதால்தான் வருகிறது. 1905இல் இந்திய நாய்களில்தான் அதுவும் முதலில் விவரிக்கப்பட்டது.

சரி, சுவரில் இருக்கும் ஆயிரங்களை என்ன செய்வது?

இங்கேதான் பழுப்பு உண்ணியின் பெரிய பலவீனம் இருக்கிறது. வேறு பல உண்ணிகள் குஞ்சுப் பருவத்தில் எலியையும், இளம் பருவத்தில் பறவையையும், முதிர்ந்தபின் மாட்டையும் நாடும். பழுப்பு உண்ணி மூன்று பருவத்திலும் பெரும்பாலும் நாயையே நாடுகிறது. ஒரு வீட்டில் இருக்கும் ஒரே நாய் பல மாதங்கள் தொடர்ந்து உண்ணிக்கு நஞ்சாக இருந்தால், ஒவ்வொரு பருவத்திலும் ஏறிவரும் உண்ணிகள் அங்கேயே சாகும். முட்டையிடத் தாய் மிஞ்சாது. நாயே பொறியாக மாறி, சுவர் மெல்லக் காலியாகும். 2013இலிருந்து சந்தைக்கு வந்த ஐசோக்சசோலின் வகை மாத்திரைகள் இதைச் சாத்தியமாக்கின. மருந்து நாயின் இரத்தத்தில் கலந்திருக்கும். உண்ணி குடிக்கும்போது அதன் நரம்புகளைத் தாறுமாறாகத் துடிக்கவைத்துக் கொல்லும். பூச்சிகளின் நரம்பு வாயில்களைப் பிடிப்பது போல இந்த மருந்து பாலூட்டிகளின் நரம்பைப் பிடிப்பதில்லை என்பதால் நாய் தப்பிக்கிறது. சில மாத்திரைகள் ஒரு மாதமும், ஃப்ளுராலனர் ஏறக்குறைய மூன்று மாதமும் வேலை செய்யும்.

இந்த மாத்திரைகளுக்கும் எல்லை உண்டு. வலிப்பு வந்த நாய்களில் எச்சரிக்கையாக இருக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் அறிவித்தது. கால்நடை மருத்துவர் "முன்னாடி எப்பவாவது ஃபிட்ஸ் வந்திருக்கா?" என்று கேட்பது அதனால்தான். இரண்டாவது எல்லை இன்னும் அடிப்படையானது. உண்ணி கடித்த பிறகே சாகும். பபேசியா நாயின் உடலுக்குள் இறங்க ஓரிரு நாட்கள் ஆகும், அதற்குள் உண்ணி செத்துவிடும். எர்லிக்கியாவோ சில மணி நேரத்திலேயே கடந்துவிடக்கூடியது. அதனால் நோய் மிகுந்த இடங்களில், உண்ணியை அண்டவே விடாத கழுத்துப்பட்டையையோ சொட்டு மருந்தையோ மருத்துவர்கள் கூடவே சொல்வதுண்டு. சுவர் விரிசலைச் சிமெண்டால் அடைப்பதும், படுக்கைச் சாக்கை வாராவாரம் கொதிநீரில் போடுவதும் எந்த மருந்தோடும் சேர்ந்து செய்ய வேண்டியவை. மூன்றாம் மாதம் மருந்தை மறந்துவிட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அண்டவிடாத மருந்து என்றதும் பூனையின் நினைவு வந்தாக வேண்டும். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. செவ்வந்திக் குடும்பத்துப் பூவொன்றில் இயற்கையாகவே உள்ள பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த மருந்து. நாய் அதைக் கல்லீரலில் உடைத்து வெளியேற்றிவிடும். பூனையால் முடியாது. நஞ்சோடு ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டிச் சிறுநீரில் தள்ளிவிடும் நொதிகளில் ஒன்றைச் செய்யும் மரபணு, பூனையின் முன்னோர்களிடத்திலேயே பழுதாகிப்போனது. இறைச்சியை மட்டுமே தின்று வாழும் விலங்குக்குச் செடிகளின் நஞ்சை முறிக்கும் தேவை குறைவு. பயன்படாத கருவி துருப்பிடித்தது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். விளைவு கொடியது. நாய்க்கு வாங்கிய குப்பியில் மிஞ்சியதைப் பூனையின் பிடரியில் விட்டால், சில மணி நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கி வலிப்பில் முடியும். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்குக்கூட ஆபத்து உண்டு. அதே குறைபாட்டால்தான் காய்ச்சலுக்கு மனிதர் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லும். நடுக்கம் கண்டால் பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து அந்த இடத்தைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பூனைக்கு உண்ணியைவிடத் தெள்ளுப்பூச்சிதான் பெரிய தொல்லை. தெள்ளு தாவுவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்தத் தாவலுக்கு ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தில் அமுக்கிவைத்த விசை உதவுகிறது என்று மிரியம் ராத்ஸ்சைல்டு முதலான அறிஞர்கள் காட்டினார்கள். தாவும் தெள்ளு ஒரு வீட்டின் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் கிடக்கும். பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை இடும். முட்டை ஒட்டாமல் உதிர்ந்து, பூனை படுக்குமிடமெல்லாம் உப்புத்தூள் போலச் சிதறும். புழு வெளிவந்து, மேலிருந்து உதிரும் தாய்த் தெள்ளின் எச்சத்தைத் தின்று வளரும். அந்த எச்சம் பெரும்பாலும் காய்ந்த இரத்தம்தான். பூனையின் ரோமத்தில் தெரியும் கரும்பொடியை ஈரப் பஞ்சில் தேய்த்தால் செங்காவி நிறம் படிவது அதனால்.

கூட்டுப்புழுவை எந்த மருந்தும் எளிதில் தொடாது. தூசியை ஒட்டிக்கொண்ட பட்டுக்கூட்டுக்குள் அது மாதக்கணக்கில் கிடக்கும். அதிர்வும் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால்தான் உடைத்துக்கொண்டு வெளியேறும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்துக் கதவைத் திறக்கும் குடும்பத்தின் கால்களில் தெள்ளு மொய்ப்பது இப்படித்தான். காலடிச் சத்தம் கேட்டு மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கிறது. மருந்து போட்டும் தெள்ளு வருகிறதே என்று மருந்தைக் குறைசொல்பவர்களில் பலர், மருந்துக்கு முன்பே இட்ட முட்டைகளின் வாரிசுகளைப் பார்க்கிறார்கள். மூன்று மாதம் விடாமல் மருந்து போட்டு, நாள்தோறும் மூலைமுடுக்கைப் பெருக்கினால் வாரிசு அறுந்துபோகும்.

தெள்ளு ஒரு புழுவையும் சுமந்து வருகிறது. நாய் அல்லது பூனையின் பின்பக்கத்தில், வால் அடியில், அரிசி போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது டிபிலிடியம் என்ற நாடாப்புழுவின் ஒரு கணு. கணுவுக்குள் முட்டை, முட்டையைத் தெள்ளுப் புழு தின்கிறது, வளர்ந்த தெள்ளைப் பூனை நக்கி விழுங்குகிறது, வயிற்றில் மறுபடி நாடாப்புழு. "போன மாசம்தான் பூச்சி மருந்து கொடுத்தோம்" என்று வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது தெள்ளைப் பற்றித்தான். தெள்ளு இருக்கும்வரை நாடாப்புழு மூன்று வாரத்தில் திரும்பும். பூனையைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தை தவறித் தெள்ளை விழுங்கினால் குழந்தைக்கும் வரும்.

குழந்தைகளைத் தாக்கும் இன்னொரு புழுவும் உண்டு. 1950இல் வாஷிங்டனில் ஹெலனர் கேம்ப்பெல் வைல்டர் என்ற நோய்க்குறியியல் அறிஞர் சேமிப்பிலிருந்த சில கண்களை மீண்டும் ஆராய்ந்தார். குழந்தைகளின் கண்கள். புற்றுநோய் என்ற சந்தேகத்தில் அறுத்து எடுக்கப்பட்டவை. 46 கண்களை நுணுகிப் பார்த்ததில் 24இல் புழுக்குஞ்சின் தடயம் இருந்தது. புற்றுநோய் இல்லாத பிள்ளைகள் ஒரு புழுவால் கண்ணிழந்திருந்தார்கள். அவர் முதலில் அதைக் கொக்கிப்புழுவின் குஞ்சு என்று நினைத்தார். 1956இல் வேறொருவர் அந்தக் கண்களின் கண்ணாடித் தகடுகளை மறுபடி ஆராய்ந்தபோது அது டாக்சோகாரா கானிஸ், அதாவது நாய்க்குட்டிகளின் வயிற்றில் இருக்கும் உருண்டைப்புழு என்று தெரிந்தது.

இந்தப் புழுவின் நாட்காட்டி வியப்பானது. ஒரு பெண் நாய் சிறு வயதில் விழுங்கிய புழுக்குஞ்சுகள் அதன் தசைகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். மருந்து அவற்றை எட்டுவதில்லை. நாய் சினையானதும், ஏறக்குறைய 42ஆம் நாளில், அவை விழித்துக்கொண்டு தொப்புள்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் இறங்கும். சுத்தமான வீட்டில், கண் திறக்காமல், மண்ணையே மிதிக்காமல் கிடக்கும் குட்டியின் உடலிலும் புழு இருப்பது இதனால்தான். மூன்று வாரத்தில் அந்தக் குட்டியின் மலத்தில் முட்டைகள் வரத் தொடங்கும். இரண்டு மாதம் ஆகட்டும், தடுப்பூசியோடு சேர்த்துப் பூச்சி மருந்தும் கொடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது, முட்டை மண்ணில் கொட்டுவதற்கு ஐந்து வாரம் அவகாசம் கொடுப்பதாகும். இரண்டாம் வாரம், நான்காம் வாரம், ஆறாம் வாரம், எட்டாம் வாரம் என்று பைரண்டெல் கொடுக்கச் சொல்வது இந்தக் கணக்கில்தான். பால் கொடுக்கும் தாய்க்கும் அதே நாட்களில் கொடுக்க வேண்டும். பூனைக்குட்டிக்கு இதன் உறவினப் புழு தாயிடமிருந்து பால் வழியாக மட்டுமே போவதால் மூன்றாம் வாரத்தில் தொடங்கினால் போதும்.

புதிதாக விழுந்த மலத்தில் உள்ள முட்டை யாரையும் தொற்றாது. உள்ளே குஞ்சு உருவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதன்பிறகு மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அன்றன்றே அள்ளிவிட்டால் இந்தச் சங்கிலி அங்கேயே அறும். பூனையின் டாக்சோபிளாஸ்மா கிருமிக்கும் இதே கதை. பூனை மலத்தோடு வெளிவரும் அதன் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒருநாளிலிருந்து ஐந்து நாள் பிடிக்கும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையை விரட்ட வேண்டியதில்லை. மணல்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும் அதைவிட அடிக்கடி அந்தக் கிருமியை மனிதருக்குக் கொண்டுவருகின்றன.

கொக்கிப்புழு வேறு வழியில் வரும். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் கொக்கிப்புழுக் குஞ்சுகள் உள்ள நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்துச் சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டைகள் இருந்தன. வாய் வழியாக மட்டும் புழு வரும் என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு, அது வெறுந்தோலைத் துளைத்து வரும் என்று அந்தக் கைதான் காட்டியது. அவரே 1911இல் இலங்கையிலிருந்து வந்த புனுகுப்பூனை ஒன்றில் புதிய கொக்கிப்புழு இனத்தைக் கண்டு 'சிலானிக்கம்' என்று பெயரிட்டார். நாய், பூனை, மனிதர் மூவர் குடலிலும் முழுமையாக வளரக்கூடிய இந்த இலங்கைப் பெயர்ப் புழு ஆசியாவில் பரவலாக உள்ளது. மற்ற நாய்க் கொக்கிப்புழுக்கள் மனிதத் தோலுக்குள் புகுந்தால் வழி தெரியாமல் தோலடியிலேயே ஊர்ந்து, சிவந்த நெளிகோடாகத் தெரியும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகளின் பாதத்தில் அந்தக் கோட்டைத் தோல் மருத்துவர்கள் பார்ப்பதுண்டு.

நாய்க்குட்டிக்கு இது இன்னும் கடுமையானது. தாய்ப்பால் வழியாகவே கொக்கிப்புழு வந்து, குடல் சுவரைக் கவ்வி, இரத்தம் உறையாமல் செய்யும் பொருளைச் சுரந்துகொண்டு குடிக்கும். மலம் தார் போலக் கறுக்கும். மூன்று வாரக் குட்டி, மலத்தில் ஒரு முட்டைகூட வெளிவருவதற்கு முன்பே இரத்தசோகையில் இறந்துபோகலாம். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், ஈறு வெள்ளைக் காகிதம் போல இருக்கும் குட்டிக்கு மருந்து உடனே தேவை.

இதயப்புழுவின் வழி கொசு. டைரோஃபிலேரியா இமிட்டிஸ் இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். கேரளத்திலும் இலங்கையிலும் அதன் உறவினமான டைரோஃபிலேரியா ரெப்பென்ஸ் நாய்களின் தோலடியில் வாழ்கிறது. அது கொசு வழியாக மனிதருக்குள் வந்து, கண்ணின் வெண்படலத்தில் நெளிவதைக் கண் மருத்துவர்கள் அறுத்தெடுத்திருக்கிறார்கள். இதயப்புழு முழு வளர்ச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளரும், ஐந்தாறு ஆண்டு வாழும். இதற்குத் தடுப்பாக மாதம் ஒருமுறை கொடுக்கும் மருந்து பின்னோக்கி வேலை செய்கிறது. அடுத்த மாதம் வரப்போகும் கொசுவை அது தடுப்பதில்லை. போன மாதம் கொசு விட்டுச்சென்ற குஞ்சுகளை, அவை இதயத்துக்குப் புறப்படும் முன் அழிக்கிறது. இரண்டு மூன்று மாதம் தவறினால் குஞ்சுகள் மருந்துக்கு எட்டாத வயதைத் தாண்டிவிடும்.

அந்த மருந்துகளில் புகழ்பெற்றது ஐவர்மெக்டின். 1970களில் ஜப்பானில் சதோஷி ஓமுரா ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் அதை மருந்தாக்கினார். இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு நல்ல மருந்தே அளவு தவறினால் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. பத்துக் கிலோ நாய்க்கு இதயப்புழுத் தடுப்புக்குத் தேவை 60 மைக்ரோகிராம். ஒரு சொட்டில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. சொறிக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம் என்றாலும், அதையும் எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் மாட்டு ஊசியை வாங்கி, கண்மதிப்பில் நாய்க்கு ஏற்றுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கோலி போன்ற சில இனங்களில் பல நாய்களுக்கு, மூளைக்குள் மருந்து நுழையாமல் காக்கும் புரதமே மரபணுப் பிழையால் இல்லை. 2001இல் கண்டறியப்பட்ட அந்தப் பிழையில் நான்கே எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மற்ற நாய்கள் தாங்கும் சொறி மருந்து அளவில் அந்தப் பிழையுள்ள கோலி நினைவிழந்து விழும்.

ஒரு வீடு தன் நாயைக் காக்கலாம். தெருவும் ஊரும் சேர்ந்தால்தான் அறுபடக்கூடிய ஒட்டுண்ணி ஒன்று இருக்கிறது. எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு நாயின் குடலில் சில மில்லிமீட்டர்தான். அதன் முட்டையை ஆடோ மாடோ மனிதரோ விழுங்கினால், ஈரலிலும் நுரையீரலிலும் தேங்காய் அளவுக்கு நீர்க்கட்டி வளரும். கட்டியுள்ள ஈரலை நாய் தின்றால் வட்டம் முழுமையாகும். இறைச்சிக்கடை வாசலில் கழிவுக்காகக் காத்திருக்கும் நாயைப் பார்க்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய வட்டம் இது. வழக்கமான பூச்சி மருந்துகள் பலவும் இந்தப் புழுவைத் தொடாது, பிராசிக்வாண்டெல் வேண்டும். அது வருவதற்கு முன் நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் நாய்களுக்கு அரிக்கோலின் கொடுத்துக் குடலைக் கழுவினார்கள். நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் கொட்டைப்பாக்கில் உள்ள பொருள் அது.

முதலில் இந்த வட்டத்தை உடைத்த நாடு ஐஸ்லாந்து. ஆடும் நாயும் இல்லாத பண்ணை அங்கே அப்போது இல்லை, கட்டி நோயால் வயிறு வீங்கிய மனிதர்களும் ஊர்தோறும் இருந்தார்கள். 1863இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஹரால்டு கிராபே 100 நாய்களை அறுத்துப் பார்த்தார். 28இல் இந்தப் புழு இருந்தது. அவர் எளிய மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அது ஐஸ்லாந்து மொழியில் அச்சிடப்பட்டு இலவசமாக விநியோகிக்கப்பட்டது. நீண்ட பனிக்கால இரவுகளில் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது அந்த மக்களின் பழக்கம். ஆட்டை அறுத்தால் கட்டியுள்ள ஈரலை எரி அல்லது புதை, நாய்க்குப் போடாதே, நாயைத் தொட்டால் கை கழுவு என்ற செய்தி அப்படியே பண்ணை பண்ணையாகப் போனது. 1869இலும் 1890இலும் சட்டங்கள் வந்தன. ஆண்டுக்கொரு முறை நாய்க்குக் குடற்புழு நீக்கம் கட்டாயமாயிற்று. ஒரு தலைமுறைக்குள் குழந்தைகளிடம் கட்டி நோய் அருகியது. தலைநகர் ரெய்க்யவிக் 1924இல் நகருக்குள் நாய் வளர்ப்பதையே தடைசெய்தது. நோய் ஒழிந்து பல காலம் ஆன பிறகும் அந்தத் தடை நீடித்தது. 1984இல்தான், உரிமம் பெற்று, கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஆண்டுதோறும் புழு நீக்கம் செய்வதாக ஒப்புக்கொண்டவர்களுக்கு அந்நகரின் தெருக்களில் நாயோடு நடக்க மீண்டும் அனுமதி கிடைத்தது.